நான் இருந்தால் அணையாத கம்ப்யூட்டர்

ராமநாதபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் வேலைக்குச் சேர்ந்தபோது, செல்போன் இன்னும் எல்லார் கைக்கும் வந்திருக்கவில்லை. ரிப்பேர் என்றால் கடைக்குப் போன் வரும். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறவேண்டும். எனக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் சவுதிக்கு விசா வந்ததும் ஸ்க்ரூ டிரைவரை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். உடனடியாக வேறு ஆள் கிடைக்காததால்தான் கடைக்காரர் என்னை எடுத்தார். "பொம்பளப் புள்ளையாச்சே, மண்டபம் பாம்பன்னு அலையணுமே" என்று அவருக்கு ஒரே தயக்கம். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படிக்கவைத்த என் அய்யாவுக்குத் தயக்கமெல்லாம் இல்லை. "கரண்டு வேலைன்னு சொல்றாக, ரப்பர் செருப்புப் போட்டுக்க" என்றதோடு சரி.

எங்கள் பக்கத்துக் கம்ப்யூட்டர்களுக்கு வரும் நோயில் பாதி உப்புக்காற்றால் வருவது. மீதிப் பாதி மனிதர்களால் வருவது. இராமேஸ்வரத்தில் ஒரு லாட்ஜில் கீபோர்டு தானாகவே எழுதுகிறது என்றார்கள். போய்ப் பார்த்தால், தீர்த்தமாடிவிட்டு ஈரத்துணியோடு வருகிறவர்கள் எல்லாரும் அறைச் சாவி கேட்டு அந்தக் கவுண்டரில்தான் சாய்கிறார்கள். முந்தானையிலும் துண்டிலும் சொட்டிய தண்ணீர் முழுக்கக் கீபோர்டுக்குள் இறங்கியிருந்தது. கீபோர்டை மாற்றி, மேசையைப் பின்னால் தள்ளிப் போட்டதோடு வேலை முடிந்தது. அந்த மாதிரி வேலை எனக்குப் பிடிக்கும். காரணம் கண்ணுக்குத் தெரியும். தொட்டுப் பார்த்தால் ஈரமாகவும் இருக்கும்.

அக்காள்மடத்து மீன் கம்பெனி வேலை அப்படி இல்லை.

அங்கிருந்து போன் செய்தவர் கம்பெனியின் கணக்கர். கம்ப்யூட்டர் எங்கள் கடையில் வாங்கியது. "மேடம், கம்ப்யூட்டரு அணைஞ்சு அணைஞ்சு எரியுது. பில்லு போட்டுக்கிட்டு இருக்கும்போதே பொசுக்குன்னு போயிருது."

"எப்ப எப்பப் போகுதுண்ணே?"

"அதுக்குத் தோணும்போது போகுது."

மறுநாள் பாம்பன் பாலம் தாண்டித் தீவுக்குப் போனேன். மெயின் ரோட்டை ஒட்டிய கட்டடம். கீழே பெரிய கொட்டகை. படகுகளிலிருந்து வரும் இறாலையும் கணவாயையும் அங்கே எடைபோட்டு, ஐஸ் வைத்து அடைத்து, தூத்துக்குடிக்கு லாரியில் ஏற்றுவார்கள். ஐஸ் கட்டியை உடைக்கும் மிஷின் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அது ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேசினால் வாய் அசைவதுதான் தெரியும். மாடியில் ஆபீஸ். முன்னறையில் கணக்கரும் கம்ப்யூட்டரும். நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. அந்தப் பக்கம் முதலாளியின் அறை.

கணக்கருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். ஒல்லியான ஆள். அதுவரை கையால் கணக்கு எழுதி வந்தவர். இரண்டே விரலால், சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோலத் தொட்டுத் தொட்டு டைப் அடிப்பார். மானிட்டரின் நெற்றியில் விபூதி பூசி, குங்குமம் வைத்து, சி.பி.யு.வின் தலையில் ஒரு எலுமிச்சம்பழமும் வைத்திருந்தார். "மொதலாளி ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டேன். அவருடைய முதலாளி ஒரு பாய். "ஓஞ்சாமி ஒனக்கு, ஓடுனாச் சரின்னுட்டாரு" என்றார்.

முதலாளி என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கைலி, பெரிய உடம்பு. குரல் மட்டும் பஞ்சு மாதிரி. "வாம்மா, உக்காரும்மா. பஸ்ல கூட்டமா? ஒத்தையிலயா வந்தே? நல்லா இரு தாயி" என்றார். மேசையில் இருந்த ஒரு சுவிட்சை லேசாகத் தொட்டார். தடுப்புக்கு அந்தப் பக்கம், கணக்கரின் தலைக்குமேல் 'கிர்' என்று ஒரு மணி அடித்தது. கணக்கர் எழுந்து ஓடி வந்தார். "புள்ளைக்கு டீ சொல்லுப்பா" என்றார் முதலாளி. கணக்கர் ஜன்னலுக்குப் போய் ரோட்டுக்கு எதிரே இருந்த டீக்கடையைப் பார்த்து விரலைக் காட்டினார்.

அன்று சி.பி.யு.வைத் திறந்தேன். உள்ளே உப்பும் தூசியும் சேர்ந்து அப்பிக் கிடந்தது. ஒரு மீன் செதிலும் இருந்தது. அது எப்படி மாடியேறி, மூடிய பெட்டிக்குள் போனது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பிரஷ்ஷால் துடைத்தேன். ரேமைக் கழற்றி அதன் பல்லை ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். எங்கள் தொழிலில் பாதி வைத்தியம் அந்த ரப்பர்தான். சாயங்காலம் வரைக்கும் ஓடவிட்டுப் பார்த்தேன். இடையில் மணி இரண்டு மூன்று முறை அடித்தது. டீ வந்தது, பிஸ்கட் வந்தது, மறுபடி டீ வந்தது. கம்ப்யூட்டர் ஒரு முறைகூட அணையவில்லை. கணக்கர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பஸ் ஏறினேன்.

மறுநாள் கடை திறந்ததும் போன். "மேடம், போயிருச்சு."

"எப்ப?"

"காலையிலேயே. வந்த சூட்டுலயே."

இரண்டாம் முறை புது பவர் சப்ளை பெட்டி ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனேன். மாற்றினேன். பிளக், வயர், யூ.பி.எஸ். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன். யூ.பி.எஸ். மேசைக்கு அடியில், சுவரோரமாக, பழைய சாக்குகளுக்கு நடுவில் இருந்தது. அதன் முன்பக்கம் பச்சை விளக்கு சரியாக எரிந்தது. மெயின் சுவிட்சை அணைத்தும் பார்த்தேன். கம்ப்யூட்டர் தொடர்ந்து ஓடியது. அதோடு யூ.பி.எஸ். நல்லது என்று முடிவுகட்டினேன். நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். கணக்கர் பில் மேல் பில்லாகப் போட்டார். கீழே மீன் போட்டவர்கள் மாடிப்படியில் பில்லுக்காக நின்று, வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு கோளாறும் இல்லை.

"நீங்க இருந்தா அணையாது தங்கச்சி" என்றார் கணக்கர். ஒரே நாளில் நான் மேடத்திலிருந்து தங்கச்சி ஆகியிருந்தேன். "ஒங்க கையி ராசி. ஒங்க போட்டோ ஒண்ணு குடுங்களேன், இதுமேல ஒட்டி வச்சிக்கிறேன்."

"அதெல்லாம் வேணாம்ணே."

"அப்ப ஒரு கைக்குட்டையாவது வச்சுட்டுப் போங்க."

கிளம்பும்போது முதலாளி என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தம் சந்தேகத்தைச் சொன்னார். "கோளாறு மிஷின்ல இல்லம்மா. இவன்ட்டத்தான். இவனுக்குக் கம்ப்யூட்டரு புடிக்கல. கைக்கணக்குப் போதும்னு மொதல்லயே சொன்னான். பில்லு அழிஞ்சுச்சுன்னா நான் இதைத் தூக்கிப் போட்டுருவேன்னு நெனைக்கிறான்." பிறகு குரலை இன்னும் தணித்தார். "கண்டிச்சுக் கேக்கவும் மனசு வரல. போன மாசந்தான் அவன் மாமனாரு மௌத்தாகிட்டாரு. பாவம், அந்தத் துக்கத்துல புத்தி ஒரு நெலையில இல்ல."

கண்டித்துக் கேட்க மனசு வராத அந்த மனிதரைப் பார்த்து, இவ்வளவு சாதுவான முதலாளி கணக்கருக்குக் கிடைத்திருக்கிறாரே என்று நினைத்துக்கொண்டேன்.

படியிறங்கும்போது கணக்கர் பின்னாலேயே வந்தார். முகம் வாடியிருந்தது. "தங்கச்சி, அவரு ஒங்ககிட்ட என்னைப் பத்திச் சொன்னாரா? நான் வேணும்னு அணைக்கிறேன்னு நெனைக்காரு. எம் புள்ளைக மேல சத்தியமா நான் தொடலை. பில்லு போனா மறுபடி மொதல்ல இருந்து நான்தானே அடிக்கணும்? படியில நிக்கிறவன் என்னைய ஏசுறான். உள்ள அவரு ஏசுறாரு. அவரு ஏசி முடிச்சு வெளிய வந்தா, அதுக்குள்ள இன்னொருக்க அணைஞ்சு கெடக்கு."

அவர் சொன்னதில்தான் முழு விடையும் இருந்தது. ஆனால் அந்தக் கணத்தில் எனக்கு அவருடைய கண்ணீர்தான் தெரிந்தது. பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

மூன்றாம் முறை கிளம்பியபோது என் கடைக்காரர் கோபமாக இருந்தார். ஒரே கம்ப்யூட்டருக்கு இத்தனை முறை பஸ் ஏறினால் மற்ற இடங்களுக்கு யார் போவது என்று கேட்டார். அதுவும் நியாயம்தான். அங்கே போனால் முதலாளியும் முடிவு எடுத்து வைத்திருந்தார். தம் அறையில் என்னை உட்காரவைத்து, டீக்கு மணியடித்து, தயங்கித் தயங்கிச் சொன்னார். "தப்பா நெனைக்காதம்மா. இந்தப் பெட்டியத் திருப்பி எடுத்துக்கிறச் சொல்லு ஒங்க ஓனர்ட்ட. நீ நல்ல புள்ள. ஒம் மேல கொறையில்ல. நமக்கு இது ராசியில்ல."

டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது. அந்த நேரத்தில் அவர் மேசையில் இருந்த போன் அடித்தது.

எடுத்து, "ம், சொல்லு" என்றார். கேட்டார். அவருடைய கழுத்து சிவந்தது, பிறகு காது, பிறகு முகம். முந்தின நாள் அனுப்பிய லாரி தூத்துக்குடி போய்ச் சேரவில்லை. போன் செய்த டிரைவர் வழியில் தன் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்கு வண்டியோடு போய்விட்டார். கணவாய் எல்லாம் கறிச்சோற்றுப் பந்தலுக்கு வெளியே வெயிலில் நிற்கிறது.

"ஏலே! காதுகுத்துக்கா போனே? கணவாயையும் கூட்டிக்கிட்டா போனே?"

இரண்டு நாள் என்னோடு பஞ்சாகப் பேசிய அதே தொண்டையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. ஜன்னல் கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கை பறந்து போனது. நான் ஒருத்தி எதிரில் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். ஒரு கையில் போன். இன்னொரு கை தானாக நீண்டு அந்த மணிச் சுவிட்சின் மேல் விழுந்தது. விழுந்த கையை எடுக்கவில்லை. 'கிர்ர்ர்ர்ர்ர்' என்று மணி அலறியது. டீக்கு அடித்த மணியா இது என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

தடுப்புக்கு அந்தப் பக்கத்திலிருந்து கணக்கரின் குரல் கேட்டது. "அய்யய்யோ, போச்சு!"

நாற்காலியைத் தள்ளிவிட்டு ஓடினேன். திரை கறுத்து, கம்ப்யூட்டர் முதலிலிருந்து மறுபடி எழும்பிக்கொண்டிருந்தது. அத்தனை நாளில் அதை என் கண்ணால் பார்ப்பது அதுதான் முதல் தடவை. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? "அணைஞ்சுருச்சு! அணைஞ்சுருச்சு!" என்று கைதட்டினேன். கணக்கர் என்னைப் பயத்தோடு பார்த்தார். முதலாளியும் போனை வைத்துவிட்டு வெளியே வந்தார். என் சிரிப்பைப் பார்த்ததும் அவர் கோபம் இறங்கி, அந்த இடத்தில் கவலை வந்தது. "என்னம்மா, ஒடம்புக்கு என்ன பண்ணுது?"

"பாய், இன்னொரு தடவை கோவப்படுங்க."

"என்னது?"

"உள்ள போய், இப்பக் கோவப்பட்ட மாதிரியே கோவப்பட்டு மணி அடிங்க. நான் இங்கன நின்னு பாக்குறேன்."

பாவம், நான் சொன்னபடி அவர் போனார். 'கிர்' என்றது மணி. டீ மணி. கம்ப்யூட்டர் அசையவில்லை.

"அப்படி இல்ல பாய், இன்னும் கோவமா."

'கிர்ர்.' அதில் கோபம் இல்லை, மரியாதைதான் இருந்தது. அவர் தடுப்புக்கு மேலாகத் தலையை நீட்டி, "பொம்பளப் புள்ள நிக்கும்போது எப்படிம்மா கோவம் வரும்? வரமாட்டேங்குதே" என்றார்.

விஷயம் அங்கேதான் இருந்தது. நான் இருக்கும் நாளில் அவர் குரலை உயர்த்த மாட்டார். உயர்த்தாவிட்டால் மணியை அழுத்திப் பிடிக்க மாட்டார். அதனால் நான் இருந்தால் கம்ப்யூட்டர் அணையாது. என் கைராசி இதுதான்.

சுவிட்சை நானே போய் அழுத்திப் பிடித்திருக்கலாம். இப்போது யோசித்தால் அதுதான் சுலபம். அப்போது மூன்று பேருக்கும் அது தோன்றவில்லை. கணக்கர் ஒரு அடி முன்னால் வந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, "மொதலாளி, நான் வேணா ஒண்ணு சொல்லவா?" என்றார்.

"சொல்லு."

"போன மாசம் மாமனாரு எறந்துட்டாருன்னு லீவு கேட்டேன்ல..."

"ஆமா."

"அவரு நல்லாத்தான் இருக்காரு. நேத்துக்கூட வீட்டுக்கு வந்து சாப்டுட்டுப் போனாரு. நான் ராம்நாட்டுக்குப் படத்துக்குப் போயிருந்தேன்."

தடுப்புக்கு அந்தப் பக்கம் முதலாளி வெடித்தார். "படத்துக்கா? நான் அந்த மனுசனுக்காகத் துவா செஞ்சேன்டா! எம் பொஞ்சாதியும் செஞ்சாடா!" மணி அலறியது. நீளமாக, விடாமல் அலறியது.

கம்ப்யூட்டர் அணைந்தது.

"போயிருச்சு மொதலாளி!" என்று கணக்கர் துள்ளிக் குதித்தார். அத்தனை நாள் சுமந்த பழி இறங்கிய துள்ளல் அது. "பாத்தீகளா? நான் கையை வைக்கல! தள்ளி நின்னேன்! தங்கச்சி சாட்சி!"

முதலாளி வெளியே வந்து, அணைந்து எழும்பும் திரையைப் பார்த்தார். கணக்கரைப் பார்த்தார். கோபமாக இருப்பதா, ஆச்சரியப்படுவதா என்று அவருக்குத் தெரியவில்லை. கடைசியில் என்னிடம், "யா அல்லாஹ், அப்ப இவ்வளவு நாளா அணைச்சது நானா?" என்றார்.

நான் தரையில் உட்கார்ந்து, மணியிலிருந்து இறங்கும் வயரைப் பிடித்துக்கொண்டே போனேன். அது சுவரோரமாக வந்து, பலகைக்குப் பின்னால் மறைந்து, சாக்குகளுக்கு நடுவே யூ.பி.எஸ்.ஸின் முதுகில் போய் முடிந்தது. முன்பக்கத்துப் பச்சை விளக்கை மட்டும் பார்த்து அதை நல்லது என்று சொன்னவள் நான். ஐஸ் மிஷின் சத்தத்தில் சாதாரண மணி கேட்காது என்பதால், முதலாளி பழைய சாமான் கடையிலிருந்து பள்ளிக்கூடத்தில் அடிக்கும் மாதிரி இரும்பு மணி ஒன்றை வாங்கிப் போட்டிருந்தார். கரண்டு போனாலும் மணி அடிக்கவேண்டும் என்று எலெக்ட்ரீஷியன் அதை யூ.பி.எஸ்.ஸில் கொடுத்துவிட்டார். அந்தப் பழைய மணி சற்று நேரம் அடித்தால் ஒன்றுமில்லை. விடாமல் அடித்தால், அது கிளப்பும் பொறியும் அதிர்வும் யூ.பி.எஸ்.ஸைத் தடுமாறவைக்கும். கம்ப்யூட்டர் ஒரு கணம் பசியில் மயங்கி விழுந்து எழும்.

முழு வட்டமும் அப்போதுதான் புரிந்தது. லாரி தாமதம், அல்லது ஐஸ் வரவில்லை, முதலாளிக்குக் கோபம். மணி. கம்ப்யூட்டர் அணையும். பில் போய்விட்டது என்று கணக்கர் சொல்வார். அதற்குக் கோபம். திட்டி முடித்து அனுப்புவார். கணக்கர் மறுபடி கம்ப்யூட்டரை எழுப்பி உட்காரும்போது விட்டுப்போன ஒரு திட்டு நினைவுக்கு வரும். மறுபடி மணி.

வயரைக் கழற்றிச் சுவரில் இருந்த சாதாரண பிளக்குக்கு மாற்றினேன். முதலாளி இப்போது உற்சாகமாக, நான் கேட்காமலேயே அழுத்திப் பிடித்துப் பார்த்தார். கம்ப்யூட்டர் கல்லுமாதிரி நின்றது. ஆனால் அவருக்கு ஒரு சந்தேகம். "கரண்டு போனா மணி அடிக்காதேம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் கணக்கர் சொன்னார். "கரண்டு போனா ஐஸ் மிஷினும் நின்னுரும் மொதலாளி. அப்ப நீங்க சும்மா கூப்பிட்டாலே எனக்குக் கேக்கும்."

முதலாளி அதை யோசித்தார். மறுக்க முடியவில்லை. மாமனார் விஷயத்துக்குக் கணக்கரை என்ன செய்வது என்றும் யோசித்தார்போல. அந்த வெள்ளிக்கிழமை கணக்கருடைய மாமனாரையே கம்பெனிக்கு வரவழைத்து, உயிரோடு இருப்பதைத் தம் கண்ணால் பார்த்து, பெரிய இறாலாகப் பொறுக்கிப் பையில் போட்டு அனுப்பினார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தம்மை எதற்காகக் கூப்பிட்டார்கள் என்று அந்தப் பெரியவருக்குக் கடைசிவரை தெரியாதாம்.

விஷயம் தீவு முழுக்கப் பரவிவிட்டது. முதலாளி கோபப்பட்டால் கம்ப்யூட்டரே மயங்கி விழுந்துவிடும் என்று மீன் போட வருகிறவர்கள் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் தாமே சொல்லத் தொடங்கிவிட்டார். சொல்லும்போது ஒவ்வொரு தடவையும் தம் கோபத்தைச் சற்றுக் கூட்டிச் சொன்னார் என்றார் கணக்கர்.

சில மாதம் கழித்து அதே முதலாளி வீட்டுக்கு ஒரு கம்ப்யூட்டர் கேட்டார். மகன் துபாயில் வேலைக்குப் போயிருந்தான். அவனோடு பேசுவதற்கு என்று சொன்னார். நான்தான் கொண்டுபோய் மாட்டினேன். முதலாளி கம்பெனிக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நான் ஒவ்வொரு வயராகச் சொருகுவதையும் கவனமாகப் பார்த்தார். முடிந்ததும் ஒரு கிண்ணத்தில், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துச் செய்த வட்டலாப்பம் வைத்துக் கொடுத்தார். நான் சாப்பிடத் தொடங்கியதும் வாசல் பக்கம் ஒரு முறை பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, வீட்டுலயும் அவுக சத்தம் தாங்கல. இதுவும் சத்தம் போட்டா அணையுமா?"

"அணையாதும்மா. இது நல்லா இருக்கு. அவரு எவ்வளவு சத்தம் போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

அவர் முகத்தில் பெரிய ஏமாற்றம் தெரிந்தது. கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார்.

"அணையும்னுல்ல நான் வாங்கச் சொன்னேன்" என்றார்.